மூன்று வருடச் சந்தா: கீழே ஓடும் எழுத்தில் அத்தையைக் காணோம்

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டிருந்தாள்: "அக்கா, நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, படம் பாக்குற அந்த ஆப் எடுக்கலாமா? அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க." பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன், முடியவே இல்லை. அதே வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சலும் வந்தது, கூடவே விலையும் ஏறியிருக்கிறது. சரி, மூன்று வருடம் நான்கு மாதம் பயன்படுத்தியவள் என்ற முறையில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

என்ன படம் இருக்கிறது, எத்தனை டிவியில் பார்க்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் தெளிவாக வருகிறது. சிக்குவதில்லை. மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023இல் இந்த ஆப் எங்களைக் கைவிடவில்லை. கரண்ட் இருக்கும்போதே டேப்லெட்டில் இரண்டு படம் இறக்கி வைத்துவிடுவேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐந்து பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்து முழுப் படம் பார்த்திருக்கிறோம். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றபிறகுதான் மறுபடி ஹாலில் பெரிய திரைக்கு வந்தோம். அந்த விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன்.

எதைப் பார்ப்பது என்று ஆப் பரிந்துரைக்கும் பட்டியலை நான் நம்புவதில்லை. அதற்கு எங்கள் தோழிகள் குழு போதும். ஆறு பேர், எல்லோரும் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை இரவு யாராவது ஒருத்தி புதுப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரி போடுவாள். "உட்கார்ந்து பாருங்க" என்றால் உண்மையிலேயே நல்ல படம். "சோறு வடிக்கிறப்ப ஓடட்டும்" என்றால் காதால் கேட்டாலே போதும், கண் தேவையில்லை. "பசங்க தூங்கட்டும்" என்றால் வெட்டும் குத்தும். ஃபீனிக்ஸில் இருக்கும் ஒருத்தி மட்டும் நீளமாக எழுதுவாள், ஆனால் முடிவைச் சொல்லவே மாட்டாள். அவள் சொல்லி நான் பார்த்த ஒரு தொடர்கூடச் சோடை போனதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அது முழுக்கத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில சப்டைட்டில் மேல்தான்.

எங்கள் வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் குடும்பம் நான்காவது தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறது. வீட்டில் முழுத் தமிழ் பேசுவது நானும் கணவரின் பாட்டியும் மட்டும்தான்; அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆயாவுக்கு 84 வயது. அவர் பேசும் தமிழில் "இட்டுக்கினு வா", "அப்பால பாக்கலாம்" எல்லாம் வரும். என் தஞ்சாவூர்க் காதுக்கு முதலில் புதிதாக இருந்தது, இப்போது என் வாயிலும் வருகிறது. மற்றவர்கள் எல்லோரும் ஆங்கிலம். படம் பார்க்கும்போது அவர்களுக்குச் சப்டைட்டில் இல்லாமல் முடியாது.

ஆனால் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மொழி போய்விட்டது, உறவுச் சொல் போகவில்லை. தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாத பிள்ளைகூட ஆயா, தாத்தா, அண்ணா, அக்கா, பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமா என்று சரியாகக் கூப்பிடும். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகும், நடுவில் "சின்னம்மா" என்று வரும்போது மட்டும் அது சுத்தமான தமிழாக இருக்கும். பல வீடுகளில் மிஞ்சியிருக்கும் தமிழே அந்தப் பத்துப் பதினைந்து சொற்கள்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவாய்?" என்றுதான். அங்கிருந்துதான் எழுத்தையே தொடங்குவேன். "அம்மா"வில் அ, "ஆயா"வில் ஆ.

அந்தப் பத்துப் பதினைந்து சொற்களைத்தான் சப்டைட்டில் பிடுங்கிக்கொள்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிராமத்துக் கல்யாணக் கதை, தோழிகள் குழுவில் "உட்கார்ந்து பாருங்க" வாங்கிய படம். கணவரின் அண்ணன் மகன், பத்து வயது, என் மடியில் சாய்ந்துகொண்டு பார்க்கிறான். கதாநாயகன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து "அத்தை" என்று கூப்பிடுகிறான். கீழே 'ஆன்ட்டி' என்று எழுத்து வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டுப் பெண்ணை அவனுக்குப் பேசி முடிக்கிறார்கள். பையன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "சின்னம்மா, அந்தப் பொண்ணு இவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா? எப்படிக் கல்யாணம் பண்ணுவான்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறான். முகத்தில் உண்மையான அதிர்ச்சி. அவனுக்கு நான் சின்னம்மா. என் மகளை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறான். எழுத்தில் 'ஆன்ட்டி' என்று பார்த்தவன் அந்தப் பெண்மணியை என்னைப்போல் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டான்.

மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த ஆயா சத்தமாகச் சொன்னார்: "சின்னம்மா இல்லடா, அத்தை. அத்தை பொண்ணு. கட்டிக்கிற முறை." அவனுக்கு "அத்தை" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அப்பாவின் அக்காவை அவன் அப்படித்தானே கூப்பிடுகிறான். "ஓ, அத்தையா!" என்று மறுபடி சாய்ந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்த சொல் அது. அதை அவன் கண்ணிலிருந்து மறைத்தது அந்த எழுத்து.

இந்த ஊரில் 'ஆன்ட்டி' என்றால் வயதில் மூத்த எந்தப் பெண்ணும்தான். கடைக்காரப் பெண்மணியும் ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரரும் ஆன்ட்டி. அத்தை, சின்னம்மா, பெரியம்மா, மாமி நான்கு பேரையும் அதில் போட்டு அடைத்தால் படத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரியும்? நம் கதைகளில் பாதி சண்டையும் பாதி காதலும் அந்த முறையில்தான் இருக்கிறது. சம்பந்தி வீட்டுச் சண்டை, மாமன் சீர், மச்சான் கிண்டல், எல்லாமே முறை தெரிந்தால்தான் புரியும். மச்சானைச் சில படங்களில் 'ட்யூட்' என்று போட்டிருந்தார்கள். அது நண்பனைக் கூப்பிட்ட மச்சானா, அக்காவைக் கட்டிய மச்சானா என்றுகூடப் பார்க்காமல்.

நீங்க, நீ என்பதும் அப்படித்தான். ஒரு மனைவி படம் முழுக்கக் கணவனை "வாங்க, போங்க" என்றே பேசுகிறாள். கடைசியில் கதவருகே நின்று ஒரே ஒரு முறை "நீ போ" என்கிறாள். எனக்கும் ஆயாவுக்கும் உடம்பு சிலிர்த்தது. மற்றவர்கள் அசையவே இல்லை. அவர்கள் படித்தது வெறும் 'கோ'.

நியாயமும் பேச வேண்டும். சப்டைட்டில் எழுதுவது சுலபமான வேலை இல்லை. பெரும்பாலும் ஒரு வரிக்கு 42 எழுத்துதான் இடம், அதிகம் போனால் இரண்டு வரி, ஏழு விநாடிக்கு மேல் ஒரு சப்டைட்டிலை நிறுத்தி வைக்கக்கூடாது என்று கணக்கு இருக்கிறது. பேச்சு வேகத்துக்குக் கண் படிக்காது, எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பாட்டு வரிகளை அழகாக ஆங்கிலப்படுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

ஆனால் அத்தைக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் 'ஆன்ட்டி'க்கு ஐந்தெழுத்து, 'அத்தை'க்கும் ஐந்தெழுத்துதான். அப்படியே விட்டுவிட்டால் போதும். மாமாவில் சிக்கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் படித்தால் அது அம்மா மாதிரி ஆகிவிடும். அதற்கு ஏதாவது வழி கண்டுபிடிக்கட்டும். அண்ணாவுக்கும் அக்காவுக்கும் என்ன தடை? பார்வையாளருக்கு அர்த்தம் புரியாதென்றால், பத்து நிமிடம் கதையைப் பார்த்தால் தானாகப் புரிந்துவிடும். இதைத்தான் மூன்று முறை உதவிப் பகுதிக்கு எழுதினேன். படத்தின் பெயர், நிமிடம், விநாடி எல்லாம் குறித்து அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில், ஒரே வாக்கியங்கள். இணைப்பைத் துண்டித்து மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கொரியத் தொடர்களிலிருந்து வந்தது. தமிழ்க் குரல் கொடுத்த கொரியத் தொடர் ஒன்றை ஆயாவுக்காகப் போட்டேன், பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூன்று பகுதி தொடர்ந்து பார்த்தார். கொரியர்களும் நம்மைப்போலப் பெயர் சொல்லாமல் முறை சொல்லித்தான் மூத்தவர்களைக் கூப்பிடுகிறார்கள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் அண்ணா, அக்கா, அண்ணி என்று உரிய இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். மாமியாருக்குக் குனிந்து மரியாதை செய்யும் மருமகளைப் பார்த்து ஆயா, "நம்ம ஜனங்கதான்" என்று முடிவே கட்டிவிட்டார். தமிழ்ப் படத்தைவிடக் கொரியத் தொடர் எங்கள் வீட்டுக்கு நெருக்கமாகிப் போனது. அந்தக் குரல் கலைஞர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

2024இல் வந்த மெய்யழகன் படத்தை ஃபீனிக்ஸ் தோழி வீட்டில் பார்த்தோம், ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனோம். கார்த்தி படம் நெடுக அரவிந்த் சுவாமியை "அத்தான், அத்தான்" என்று உருகுகிறார், அவருக்கோ இவர் பெயரே நினைவுக்கு வராது. ஆயா ஒவ்வொரு அத்தானுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "எங்க அக்கா வீட்டுக்காரர அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் போய் நாப்பது வருசம் ஆச்சு" என்றார். சின்ன வயதில் கிரே தெருவில் கொட்டகைக்குப் போய் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் பார்த்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். அந்தத் தெரு இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. வரும் வழியில் காரில் பிள்ளைகள் அத்தான் யார், கொழுந்தனார் யார், நாத்தனார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆயாவின் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டதில்லை.

இப்படியெல்லாம் ஆன பிறகும் போன ஞாயிற்றுக்கிழமை என் மனது விட்டுப்போய்விட்டது. எங்கள் ஆப்பில் ஒரு புதுப் படம். வயதான தாய் ஊரை விட்டுக் கிளம்புகிறாள். பேருந்து வந்து நிற்கிறது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "போயிட்டு வரேன்" என்கிறாள். கீழே 'பை'.

நாம் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டோமே. திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தானே வாசலைத் தாண்டுவோம். ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய தாத்தா சென்னையில் கப்பல் ஏறியவர். 1860 நவம்பர் 16இல் முதல் கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். ஆயா திரையைப் பார்த்தபடியே, "எங்க தாத்தாவும் அவங்க அம்மாகிட்ட இதத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். பிறகு பேசவில்லை. பையன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தம்மா என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டான். எழுத்தைப் படித்தவனுக்கு ஆயா ஏன் அழுகிறார் என்று தெரியவில்லை. நான் படத்தை நிறுத்தி இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஆயாவிடம் போய், "போயிட்டு வரேன், ஆயா" என்றான்.

தோழிக்கு என் பதில் இதுதான். உன் அம்மாவுக்குத் தமிழ் தெரியும், அவருக்குச் சப்டைட்டில் தேவையே இல்லை. படம் தெளிவு, இறக்கி வைக்கும் வசதி, தமிழ்க் குரல் தொடர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலரை போடுவேன். ஆனாலும் இன்றைக்கு என்னிடம் கேட்டால் எடுக்காதே என்றுதான் சொல்வேன். விலையை ஏற்றிக் கேட்கிறவர்கள், மூன்று முறை எழுதியும் ஐந்தெழுத்தை மாற்ற மனது வராதவர்கள், அவர்களுக்கு இந்த வீட்டுப் பணம் இந்த வருடம் போக வேண்டாம். நான் புதுப்பிக்கவில்லை. அம்மா வந்ததும் இங்கே அழைத்துக்கொண்டு வா, ஆயாவுக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.

சந்தா வியாழக்கிழமையோடு முடிகிறது. கொரியத் தொடரில் இன்னும் நான்கு பகுதி பாக்கி, அதற்குள் ஆயாவுக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டும்.