ஹட்டனா, நேபாளமா: சேலத்து மாணவர் குழுவின் முதல் வெளிநாட்டுச் சேவைப் பயணத்துக்கு எது தோது?

சேலம், ஏற்காடு பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளின் (ஊர்ச் சபைகளின்) இளையோர் குழுக்கள் கோடை விடுமுறையில் வெளிநாட்டுக்குச் சேவைப் பயணம் போக நினைத்தால், கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். ஒன்று நேபாளம். மற்றொன்று இலங்கை மலையகம், அதிலும் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். பன்னிரண்டு மாணவர், இரண்டு பொறுப்பாளர், பதினான்கு நாள் என்று கணக்குப் போட்டு நாங்கள் எடுத்தது ஹட்டனை. அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நேபாளத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கைத் தாண்டிய கிராமங்களில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், காத்மாண்டு 1400, ஹட்டன் 1270, நுவரெலியா 1868. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. சேலம் டவுன் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். தோட்டத்தில் அட்டை கடிக்கும். உப்பும் நீளமான காலுறையும் போதும்.

ஆவண விஷயத்தில் நேபாளம் சுலபம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இந்தியருக்கு விசா இல்லை, பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையே போதும் என்பது சரி. ஆனால் ஆதாரைக் காட்டிப் போக முடிவது 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் உள்ளவர்கள் மட்டும்தான். 15 முதல் 18 வரை உள்ள மாணவர், பள்ளி முதல்வர் உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழோடு போகலாம். சிக்கிக்கொள்வது முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள்தான். வயது பதினெட்டு ஆகியிருக்கும், வாக்காளர் அட்டை இன்னும் கைக்கு வந்திருக்காது, பள்ளிச் சான்றிதழும் இனிச் செல்லாது. கடைசியில் அவர்களும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதாகிவிடும். எடுப்பதே என்றால், இலங்கைக்கும் அதே பாஸ்போர்ட்தானே?

பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் பெரியவர்களுக்கு 1500 ரூபாய், மைனருக்கு 1000. தட்கல் என்றால் மேற்கொண்டு 2000. மைனருக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு ‘டி’ (Annexure D) என்ற ஒப்புதல் படிவம் வேண்டும். இவற்றையெல்லாம்விட அதிகம் தொல்லை தருவது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். அருள்’ என்றும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப்பெயராகவும் வந்திருக்கும். டிக்கெட் போடுபவர் வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே அடித்துவிடுவார். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியிலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்க வேண்டும். பதினான்கு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம்.

வழி என்று பார்த்தால் பேச்சே இல்லை. சேலம் வழியாகவே கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு நாளுக்கு மேல் உட்கார வேண்டும். பிறகு சுனௌலி எல்லை வரை பஸ், எல்லை தாண்டி மறுபடி மலைப்பாதை பஸ். போக வர ஏழு நாள் வழியிலேயே கழிந்துவிடும். டில்லி வழியாக விமானத்தில் போனால் நாள் மிச்சம், ஆனால் நேபாளத்தின் ஒரே கவர்ச்சியான மலிவு போய்விடும். இலங்கைக்கோ நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு மூன்று மணி நேரம், திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானம், கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு வேனில் நாலைந்து மணி நேரம். ரயிலை நம்ப வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைப்பாதைத் தண்டவாளம் பல இடங்களில் சேதமானது. வேனையே முதல் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். முடிவைத் தீர்மானிப்பது மொழி.

பத்து நாள் சேவையில் மாணவர்கள் உண்மையில் என்ன செய்யப் போகிறார்கள்? சுவருக்கு வெள்ளையடிக்க உள்ளூரிலேயே ஆள் உண்டு, அதற்கு யாரும் விமானம் ஏறத் தேவையில்லை. வெளியிலிருந்து போகிறவர்கள் செய்யக்கூடியது பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருவது, தனியாக இருக்கும் முதியவர்களோடு உட்கார்ந்து பேசுவது, இளையோருக்கு மேற்படிப்பு பற்றிச் சொல்வது. மூன்றுக்கும் வாய் வேண்டும். நேபாளத்தில் நம் பிள்ளைகளுக்கு நேபாளியும் தெரியாது, பலருக்கு இந்தியும் தெரியாது. நாலு மாணவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்தாலும் மூன்று பேர் வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் பாதி நேரம் மொழிபெயர்ப்பிலேயே ஓடிவிடும். மூன்றாம் நாள் மாணவர்கள் பிள்ளைகளோடு படம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஹட்டனில் இறங்கிய மாலையே பேச்சு தொடங்கிவிடும். தோட்டத்துப் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சைவிட நம் பேச்சுக்கு நெருக்கம். சேர்வராயன் மலையில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பிச்செடி வந்த அதே 1820களில்தான் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்தார்கள். பிடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று.

ஆனால் ஒரே மொழி என்ற தைரியத்தில் தயாரிப்பைக் கைவிட்டால் அங்கேதான் சறுக்கும். அங்கே ஐந்தாம் வகுப்பு கிடையாது, ‘தரம் ஐந்து’. அறிவியல் ‘விஞ்ஞானம்’, தலைமையாசிரியர் ‘அதிபர்’, பருவம் ‘தவணை’, மீட்டர் ‘மீற்றர்’, லிட்டர் ‘லீற்றர்’. நம் சமச்சீர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளை குழம்பும். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்வழிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். தரம் மூன்று முதல் ஐந்து வரை இறக்கி, சேலத்திலேயே ஆறு வாரம் ஞாயிறுதோறும் அதிலிருந்து பாடம் நடத்திப் பழக வேண்டும். தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை, அதாவது உதவித்தொகைத் தேர்வு, பெரிய கவலை. அதன் பழைய வினாத்தாளைக் கையில் வைத்திருக்கும் குழுவுக்குத் தனி வரவேற்பு.

சொல்லக்கூடாத வார்த்தைகளும் உண்டு. ‘பேசாம இந்தியாவுக்கே வந்துடலாமே’ என்று வாய் தவறியும் வரக்கூடாது. அந்த மக்களுக்கு இலங்கையின் 1948 சட்டத்தால் குடியுரிமை போய், இந்தியாவோடு போட்ட 1964 ஒப்பந்தத்தால் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, 2003 சட்டத்தோடுதான் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. மலையகத் தமிழர் என்று சொல்லிப் பழகுங்கள். பூர்வீக ஊர் எது என்று கேட்பது சில வீடுகளில் சாதி கேட்பதாகவே படும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பள்ளிக்குள் போக வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டையும், அங்கிருந்து நம்மை அழைக்கும் பங்குதான் முன்கூட்டியே வாங்கித் தர வேண்டும். அப்படி ஒரு பங்கைத் தேடுபவர்களுக்கு: நுவரெலியா மாவட்டம் கண்டி மறைமாவட்டத்தில் (கண்டி ஆயரின் நிர்வாகப் பகுதியில்) வருகிறது. காலையில் பெரட்டுக்களம் (வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கும் இடம்), அதன்பின் மாலை வரை கொழுந்து பறிப்பு. பெற்றோரைப் பார்க்க வேண்டுமானால் மாலை ஐந்துக்கு மேல்தான். பகலில் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) கைக்குழந்தைகளும் ஆயாவும் மட்டுமே இருப்பார்கள்.

சட்டம் இரண்டு இடத்திலும் கடுமை. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி மதம் மாற்றினால், மாற்ற முயன்றாலும், ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவரைத் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். மதப் பிரசாரக் கைப்பிரதிகளைக் கட்டி எடுத்துப்போவது, தெருவில் ஜெபம் சொல்வது இரண்டும் அங்கே விளையாட்டல்ல. இலங்கையில் சுற்றுலா அனுமதி சுற்றிப் பார்க்கத்தான், ஊழியத்துக்கு அல்ல. பெயருக்குச் சுற்றுலா, செய்வது வேறு என்று போகாதீர்கள். எந்த வகை விசா என்பதை அழைக்கும் பங்கு, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஞாயிறு பூசையில் பங்கு மக்களோடு உட்கார்வது வேறு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பிரசங்கம் வேறு. தமிழ் தெரிந்திருப்பதாலேயே இந்தச் சபலம் இலங்கையில்தான் அதிகம் வரும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

நேபாளத்தையே எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘அனாதை இல்லத்தில் சேவை’ என்று வரும் அழைப்பை ஏற்காதீர்கள். அங்கே பல இல்லங்களில் இருப்பது பெற்றோர் உயிரோடு உள்ள பிள்ளைகள். வெளிநாட்டவரின் காசுக்காகவே அவர்களைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் பலமுறை அம்பலமாகியிருக்கிறது. பள்ளி வழியாகப் போவதே மேல்.

பணம். அறக்கட்டளைக் கணக்கிலிருந்து பயணச் செலவை எடுக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்கு வரிவிலக்கு வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி தேவை. மாணவர் அவரவர் செலவைக் கட்டுவதே சிக்கல் இல்லாத வழி. பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம், கஸ்டம்ஸிலும் தொல்லை, வாங்குகிறவர்களுக்கும் கூச்சம். கதைப் புத்தகம் கொண்டுபோகலாம். மூன்று சதுரமுனை பிளக்குக்கான அடாப்டர் குறைந்தது நாலு வேண்டும், இலங்கையில் இப்போது அதுவே தரம்.

தேதியில்தான் பலரும் ஏமாறுவார்கள். நமக்குச் சித்திரை ஒன்று வரும் அதே நாட்களில் இலங்கையிலும் புத்தாண்டு, நேபாளத்திலும் வைசாக ஆண்டுப் பிறப்பு. பள்ளி மூடியிருக்கும், ஹட்டன் கடைகளும் அடைத்திருக்கும், கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் ஊர் திரும்புவதால் பஸ்ஸில் இடம் இருக்காது. மே கடைசியில் மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், மண்சரிவும் கூடவே வரும். ஏப்ரல் இருபதுக்கு மேல் தொடங்கி மே பத்துக்குள் முடிப்பது நல்லது. இடையில் பௌத்தப் பெருநாளான வெசாக் பௌர்ணமி வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். இந்தத் தேதிக்குப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் விண்ணப்பம் டிசம்பருக்குள் போயிருக்க வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் எத்தனை பேர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் டிக்கெட் போடுங்கள்.