உழவர் சந்தையா, தெருமுனை சூப்பர் மார்க்கெட்டா?

சேலத்தில் வீட்டருகே புது சூப்பர் மார்க்கெட் வந்தபின், சூரமங்கலம், அம்மாபேட்டை உழவர் சந்தைகளுக்குப் போகத்தான் வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள்.

விலை: சந்தையில் அன்றைய விலை பலகையில் இருக்கும், இடைத்தரகு இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி, வெங்காயத்தைச் சலுகையில் தருவார்கள், மற்றதில் ஈடுகட்டுவார்கள். பாக்கெட் காய்க்கு 100 கிராம் விலையைக் கணக்கிடுங்கள்.

கீரை: இதில் சந்தைதான். பறித்த ஈரத்தோடு காலையில் வந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் கீரை வியர்த்து, தண்டிலிருந்து அழுகத் தொடங்கும். எங்கே வாங்கினாலும் கட்டைப் பிரித்து, வேரை நறுக்கி, கழுவாமல் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நேரம்: சந்தை காலையோடு ஓய்ந்துவிடும். இரவில் வாங்குபவருக்குக் கடைதான்.

சாப்பாடு: கடை பக்கத்தில் வந்தாலே தட்டு மாறிவிடாது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் புது சூப்பர் மார்க்கெட் வந்த பகுதியில் நடந்து 2014-இல் வெளியான ஆய்விலும் பழம், காய் உண்பது குறிப்பிடும்படி கூடவில்லை. கல்லாவை ஒட்டிய பிஸ்கட், சிப்ஸ்தான் கூடையில் எளிதாக ஏறும். குழந்தைகள் உள்ள வீடுகள் இதைக் கவனிக்கவே வேண்டும்.

காலையில் போக முடிந்தவர்கள் வாரம் இருமுறை காய், கீரையைச் சந்தையில் வாங்கலாம். பருப்பு, எண்ணெய், மாவுக்கு சூப்பர் மார்க்கெட் போதும், பட்டியல் எழுதிக்கொண்டு போனால்.