வாசித்ததை எப்போது எழுதுவது: மூன்று வழிகள், ஓர் அலசல்

தொடர்ந்து வாசிப்பவர்கள், வாசித்ததை எழுதிவைக்கப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். புத்தகத்தை முடித்த பிறகு மதிப்புரை எழுதுவது ஒன்று. வாசிக்கும்போதே பிடித்த வரிகளைக் குறிப்பேட்டில் படியெடுப்பது இன்னொன்று. அன்றன்று வாசித்ததைப் பற்றி அன்றைய நாட்குறிப்பில் நாலு வரி எழுதிவிடுவது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு காலங்களில் முயன்று பார்த்த அனுபவத்தில், எது சிறந்த எழுத்தைத் தருகிறது என்பதைவிட எது ஆறு மாதம் கழித்தும் நிலைத்திருக்கிறது என்ற கேள்வியே முக்கியமாகப் படுகிறது. நன்றாக எழுத வராததால் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டவர்களைவிட, இடையில் விட்டுப்போய் மறுபடி தொடங்க முடியாமல் போனவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

மதிப்புரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது தீர்ப்புச் சொல்ல வற்புறுத்துகிறது. நன்றாக இருந்தது என்று நிறுத்திக்கொள்ள முடியாது, ஏன் என்று சொல்லியாக வேண்டும். முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தைத் திரும்பிப் பார்க்கும் முழுமையான பார்வையும் அதில்தான் கிடைக்கும். ஆனால் மூன்று வாரம் வாசித்த ஒரு நாவலைப் பற்றி எழுத உட்காரும்போது முதல் நூறு பக்கங்கள் ஏற்கெனவே மங்கியிருக்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக நழுவுகிறது, எஞ்சியது பிறகு மெதுவாகத் தேய்கிறது என்று காட்டினார். அவர் தம்மையே சோதித்துக்கொண்டு, பொருளற்ற அசைகளை வைத்துச் செய்த சோதனை அது. கதை அவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும், மறதியின் போக்கு ஏறக்குறைய அதுதான்.

ஒருமுறை, முடித்து இருபது நாளான ஒரு பெரிய நாவலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். நாயகியின் முடிவு நினைவிருந்தது, அவள் தம்பியின் பெயர் வரவில்லை. நடுவில் ஒரு காட்சியில் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனது நினைவிருந்தது, அது எந்தக் காட்சி என்பது நினைவில்லை. எழுதி முடித்த பத்தியில் 'ஆழமான', 'நெகிழ்ச்சியான' என்ற இரண்டு சொற்களும் மாறி மாறி வந்திருந்தன. அந்தப் பத்தியை வேறு எந்த நாவலின் கீழே வைத்தாலும் பொருந்தியிருக்கும். இதைவிடப் பெரிய கேடு, எழுதாத மதிப்புரைகள் கடன்போலச் சேர்வதுதான். இரண்டு புத்தகங்களின் பாக்கி இருக்கும்போது மூன்றாவதைத் தொட மனம் வராது. எழுத்தை வளர்க்க வந்த பழக்கம் இப்படி வாசிப்பையே நிறுத்திவிடுகிறது. குட்ரீட்ஸ் போன்ற வாசகர் தளங்களில் புத்தகத்துக்கு நட்சத்திரம் கொடுப்பது இந்தப் பாரத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த மூன்று நட்சத்திரம் இன்று எதையும் நினைவூட்டுவதில்லை.

படியெடுக்கும் குறிப்பேடு நீண்ட மரபுடையது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதையடுத்து வரும் உயிரெழுத்தையும் கொண்டு குறிப்புகளை அடைவுபடுத்தும் முறை ஒன்றை வகுத்து 1686இல் வெளியிட்டார். ஆசிரியரின் சொல் மாறாமல் கிடைப்பதும், பக்க எண்ணோடு கிடைப்பதும் இதன் பலம். இதன் குறை வெளியே தெரியாத குறை: கை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் சும்மா இருந்துவிடலாம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பகுதியை வாசிக்கச் செய்து, பிறகு சிலரை அதையே மறுபடி வாசிக்கவும், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள், 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு நின்றது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42. படியெடுப்பது மறுவாசிப்புக்கு நெருங்கிய உறவு என்பதால், குறிப்பேடு நிறைந்திருந்தும் பேசத் தொடங்கினால் ஒன்றும் வராத நிலை ஏன் ஏற்படுகிறது என்பது எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது.

மூன்றாவது வழியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். என் நாட்குறிப்பில் இருக்கும் ஒரு பதிவு இது: "பக்கம் 112 முதல் 140 வரை. அண்ணன் கடிதத்தைப் பிரிக்காமலே எரித்துவிடுகிறான். ஏன் என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது." நான்கு நாள் கழித்து இன்னொரு பதிவு: "கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்." இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில்தான் அந்த நாவலைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்தது அத்தனையும் இருந்தது. முடிவு தெரிந்த பிறகு எழுதும் மதிப்புரைக்கு முதல் பதிவின் மனநிலை திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் தெரிந்துகொண்டதை யாராலும் தெரியாததாக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்புகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்கு ஒரு காரணம், நாளை நடக்கப்போவது தெரியாத ஒருவர் அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதினார் என்பதே. வாசகரின் நாட்குறிப்புக்கும் அதே வலிமை உண்டு.

இந்த வழியிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு புத்தகத்தின் குறிப்புகள் வீட்டுச் செய்திகளுக்கு நடுவே இருபது இடங்களில் சிதறிக் கிடக்கும். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் புத்தகப் பெயரையும் அதைப் பற்றி எழுதிய தேதிகளையும் குறித்துவந்தால் இது தீர்ந்துவிடும். நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற அச்சம்தான் இன்னும் பெரிய தடை. லண்டனில் 96 பேரிடம் உளவியல் ஆய்வாளர் லாலியின் குழுவினர் நடத்தி 2010இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அந்தக் காலங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஆகவே விட்டுப்போன நாளை ஈடுகட்ட எட்டு வரி எழுத வேண்டியதில்லை, அடுத்த நாளுக்குரிய நாலு வரியே போதும்.

தாளா, கைப்பேசியா என்ற வாதத்துக்கு அதிக இடம் தர விரும்பவில்லை. மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று 2014இல் வந்த ஆய்வு பெரிதும் பேசப்பட்டது, பின்னால் செய்துபார்த்தவர்களுக்கு அது அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. செயலியில் தேடுவது எளிது. ஆனால் குறிப்பெழுதக் கைப்பேசியை எடுத்துவிட்டு வேறு எங்கோ போய்விடுவது எனக்கு அடிக்கடி நேர்ந்ததால் தாளையே வைத்திருக்கிறேன்.

ஆகவே என் தேர்வு நாட்குறிப்பு, மற்ற இரண்டும் அதற்குத் துணை. படியெடுப்பதற்குப் பதிலாகப் பக்க எண்ணும் வரியின் முதல் இரண்டு சொற்களும் போதும். மதிப்புரையை ஐந்து புத்தகத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கடன் சேராது, எழுதும்போது எதிரே பழைய பதிவுகளும் இருக்கும். குறித்த தேதிக்குள் மதிப்புரை கேட்டு யாராவது காத்திருந்தால் அந்த வற்புறுத்தலே போதிய துணை. கவிதை வாசிப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். கவிதையை நம் சொல்லில் நாலு வரியாக எழுதினால் கவிதை போய்விடும். அங்கே முதலில் படியெடுக்க வேண்டும், பிறகு ஏட்டை மூடிவிட்டு அதே வரிகளைப் பார்க்காமல் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லை மாற்றி எழுதினோமோ, அந்தச் சொல்லில்தான் மறுபடி வாசிக்கத் தொடங்க வேண்டும்.