சைக்கிள் ஹெட்செட் ஆடுகிறதா? இறுக்குவதா, பெயாரிங் மாற்றுவதா?

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது முன் பிரேக் பிடித்தால் ஹாண்டிலில் ‘டக்’ என்று அடிக்கிறதா? முன் பிரேக்கை அழுத்தியபடி, ஹெட்செட் (ஹாண்டில் திரும்ப ஃபோர்க் குழாயைத் தாங்கும் பெயாரிங் தொகுதி) இடைவெளியில் விரல் வைத்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் ஹெட்செட்தான். ஹாண்டிலை 90 பாகை திருப்பியதும் ஆட்டம் நின்றால் பிரேக்கையோ ஹப்பையோ (சக்கரத்தின் நடுப்பகுதி) பாருங்கள்.

அறிகுறி
இறுக்க: ஆட்டம் உண்டு, முன் சக்கரத்தைத் தூக்கித் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்பும்.
மாற்ற: கரகரக்கும், அல்லது நேராக வந்ததும் குழியில் விழுந்தது போல் நிற்கும்.

செலவு
இறுக்க: எலன் கீ போதும்.
மாற்ற: பெயாரிங், கிரீஸ், அரை நாள். பழைய பெயாரிங்கின் ஓரத்தில் பொறித்த அளவையும் கோணத்தையும் (36×45 அல்லது 45×45) குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கோணம் மாறினால் உட்காராது.

இறுக்கும்போது பலர் விடும் பிழை: ஸ்டெம்மின் (ஹாண்டிலை ஃபோர்க் குழாயோடு பிடிக்கும் துண்டு) பக்க போல்ட்டுகளைத் தளர்த்தாமல், அதன் உச்சியிலுள்ள மேல்மூடியை முறுக்குவது. அது ஒன்றையும் நகர்த்தாது. தளர்த்தி, மேல்மூடியைக் கால் சுற்றாக இறுக்கி, ஆட்டம் போனதும் நிறுத்துங்கள். பிறகு பக்க போல்ட்டுகளை மாறி மாறி, ஸ்டெம்மில் எழுதியுள்ள அளவுக்கு (பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர்) இறுக்குங்கள். மூடி ஃபோர்க் குழாயின் நுனியில் முட்டினால் ஸ்டெம்முக்கு மேலே ஒரு ஸ்பேசர் (இடைவளையம்) வேண்டும்.

புதிதாகத் தளர்ந்ததற்கு இறுக்கலே சரி. மழைக்காலம் முழுக்க ஓடிய சைக்கிள் கரகரத்தால் இறுக்கி ஏமாறாதீர்கள். சக்கரம் தெளிக்கும் சேற்றுநீர் முதலில் கெடுப்பது கீழ்ப் பெயாரிங்கை. இங்கத்தைய இறக்கங்களில் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.