டிஸ்பாட்ச் மேசையில் மூன்று வருடம்: ஒரு ஷிப்பிங் மென்பொருள் அனுபவம்

பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் என் பொறுப்பு. ஷிப்பிங் மென்பொருள் வருவதற்கு முன்னால், ஈஆர்பியில் (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் இருக்கும் கம்பெனி மென்பொருள்) வரும் ஆர்டரைப் பிரிண்ட் எடுத்து ஸ்டோர்ஸுக்குக் கொடுப்போம். பேக்கிங் முடிந்ததும் கூரியர் தளத்தில் அதே முகவரியை மறுபடி டைப் செய்வோம். டிராக்கிங் எண் எக்செலுக்குப் போகும். மூன்று இடத்தில் கை பட்டால் ஒரு இடத்திலாவது பிழை வராமல் இருக்குமா?

விற்க வந்தவர்கள் பெரிதாகச் சொன்னது கட்டண ஒப்பீடு: நாலு கூரியரின் கட்டணம் ஒரே திரையில், மலிவானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் மாத பில் வந்தபோது திரையில் பார்த்ததைவிடக் கணிசமாகக் கூடுதல். குற்றம் மென்பொருளுடையது அல்ல, எங்களுடையது. ஃபேன் கவர் போன பெட்டி 60×40×40 செ.மீ. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். இந்தப் பெட்டிக்கு 19.2 கிலோ வருகிறது. தராசில் 7 கிலோதான். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நாங்களோ பெட்டி அளவு என்ற கட்டத்தை நிரப்பவே இல்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பொருளின் அளவும் எடையும் ஏறியது. பத்தொன்பது வகை அட்டைப்பெட்டிகள் ஏழாகக் குறைந்தன. அதே கவர் இப்போது 50×30×30 பெட்டியில், 9 கிலோ கணக்கில் போகிறது. கட்டண ஒப்பீடு அதற்குப் பிறகுதான் பயன்பட ஆரம்பித்தது.

என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்கு உண்மையில் வேலை செய்தது பேக்கிங் மேசை ஸ்கேனர். பம்பில் கசிவைத் தடுக்கும் 38 மி.மீ. சீலும் 40 மி.மீ. சீலும் உறைக்குள் இருந்தால் பழகிய கைக்கே சட்டென்று பிடிபடாது. மாறிப் போனால் வாடிக்கையாளரின் பம்ப் நின்றுவிடும், ரிட்டர்ன் செலவும் நம் தலையில். இப்போது தப்பான உறையை ஸ்கேன் செய்தால் திரை சிவப்பாகிவிடும், லேபிள் வராது.

அதையும் நம் ஆட்கள் ஏமாற்றினார்கள்! அதிகம் போகும் பொருளின் பார்கோடை மேசை ஓரத்தில் ஒட்டிவைத்து, பத்து உறைக்குப் பத்து முறை அதையே பீப் பீப் என்று ஸ்கேன் செய்திருக்கிறார் ஒருவர். திட்டத் தோன்றவில்லை, அவசரத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒவ்வொரு சீலுக்கும் தனி சீரியல் எண் போட்டோம். ஒருமுறை ஸ்கேன் ஆனது மறுமுறை ஏறாது. வாஷர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு எடைச் சரிபார்ப்பு: இருக்கவேண்டிய எடையும் தராசு எடையும் பொருந்தாவிட்டால் பெட்டி நகராது.

குறைகளும் இருக்கின்றன. ஆர்டரில் பாதி சரக்கு முதலில் போனால் ஈஆர்பியில் முழு ஆர்டரும் 'அனுப்பியாகிவிட்டது' என்று மூடிக்கொள்ளும். இதைச் சரிசெய்யத் தனியாகக் காசு கொடுத்தோம், எட்டு மாதம் ஆனது. கூரியர் சர்வர் படுத்துவிட்டால் லேபிள் வராது, பிக்கப் வண்டி வாசலில் நிற்கும். அதற்காகவே இரண்டாவது கூரியர் கணக்கு ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். அச்சடித்துப் பயன்படுத்தாத லேபிளை அன்றே ரத்து செய்ய மறந்து, அனுப்பாத பெட்டிக்குப் பில் கட்டியதும் உண்டு.

ஒரு சின்ன விஷயம். எங்கள் தெர்மல் லேபிளுக்கு மை கிடையாது, சூடுதான் எழுத்து. ஃபர்னஸ் சுவரை ஒட்டி ஒரு இரவு அடுக்கிய பெட்டிகளின் லேபிள்கள் காலையில் மொத்தமாகக் கறுத்திருந்தன. அவ்வளவையும் மறுபடி அடித்து ஒட்டினோம்.

சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். லாரியில் பேலட்டாக (தட்டுப் பலகையில் அடுக்கி) போகும் பெரிய சரக்குக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அதற்கு இன்னமும் ஃபோன்தான்.