ஐம்பது வயதில் குருமடம்: ரோமா, பாஸ்டனா, சொந்த ஊரா?

மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் அவரவர் குடும்பம் என்று ஆகிவிட்டார்கள். அல்லது இருபது வருடம் வக்கீலாக இருந்துவிட்டுக் கத்தோலிக்கக் குருவாக (பாதிரியாராக) வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் இப்படி ஒருவர் மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரிடம் வந்து நின்றால் எங்கே அனுப்புவது? முதிர்ந்த வயதில் அழைத்தலை உணர்பவர்களுக்கு உதவச் சொல்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பான திருச்சட்டத்தின் 233-ஆம் பிரிவு. எந்தக் குருமடம், அதாவது எந்தக் குருத்துவப் பயிற்சிக் கல்லூரி, என்பது ஆயரின் பாடு.

ரோமில் இவர்களுக்கென்றே இருப்பது பேடா கல்லூரி. 1852-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் தொடங்கியபோது, ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்த போதகர்கள்தான் மனதில் இருந்தார்கள். மறையுரை சொல்லிப் பழகியவர்களை இருபது வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? 1898-இல் பதின்மூன்றாம் லியோ அதைச் சீரமைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். இப்போதைய கட்டடம் 1960-இல் திறக்கப்பட்டது. புனித பவுல் பெருங்கோவிலுக்குப் பக்கத்திலேயே. மாணவர்கள் குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம் பெறுவதும் அந்தக் கோவிலில்தான்.

அதே ரோமில் 1579 முதல் இருக்கும் ஆங்கிலக் கல்லூரிக்குப் பெயரும் புகழும் அதிகம். அங்கு படித்தவர்களில் 44 பேர் மறைசாட்சிகள், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள். ஆனால் அங்கிருந்து கிரகோரியன் பல்கலைக்கழகத்துக்குப் போனால் வகுப்பு பெரும்பாலும் இத்தாலிய மொழியில். இருபத்தெட்டு வயதுக்காரருக்கு அது லாபம். பிற்பாடு மேற்படிப்புக்கு உதவும். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வு. எதிரே பேராசிரியர். கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் மூவொரு கடவுள் கோட்பாட்டை இத்தாலியனில் விளக்க வேண்டும். விஷயம் தெரிந்தும் வார்த்தை வராது. பேடாவில் வகுப்பு கல்லூரிக்குள்ளேயே, ஆங்கிலத்தில், நான்கு ஆண்டுகள். என்னைக் கேட்டால், பேடாவின் பெரிய பலம் ரோம் இல்லை, இந்த ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே வெஸ்டனில் கர்தினால் குஷிங் 1964-இல் நிறுவிய இருபத்துமூன்றாம் யோவான் குருமடமும் வயது வந்தவர்களுக்கானதே. அமெரிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்தவருக்கு நல்ல இடம். ஆங்கிலேயருக்கு? அட்லாண்டிக்கைக் கடந்து போய் இன்னொரு நாட்டின் பங்குகளின், அதாவது ஊர்க் கோவில் சமூகங்களின், பழக்கங்களைக் கற்றுவந்து என்ன செய்வது? இதை நான் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவேன்.

சரி, வெளிநாடே எதற்கு? லண்டனில் ஆலன் ஹால், பர்மிங்காம் பக்கத்தில் ஆஸ்காட் இருக்கின்றனவே. இருக்கின்றன. உள்ளூரில் படிப்பவர் ஆண்டு முழுக்க அக்கம்பக்கத்துப் பங்குகளில் பழகலாம், பின்னால் கூட வேலை செய்யப்போகும் குருக்களை முன்கூட்டியே அறியலாம். இடிப்பது காலம். பொதுவிதி இரண்டு ஆண்டு மெய்யியல், நான்கு ஆண்டு இறையியல், ஆக ஆறு. ஐம்பத்தைந்தில் சேர்பவர் பேடாவில் படித்தால் ஐம்பத்தொன்பதில் குரு. ஆறு ஆண்டு படித்தால் அறுபத்தொன்று. பங்குக் குரு எழுபத்தைந்தில் பணி விலகல் கடிதம் கொடுக்கும்படி திருச்சட்டம் கேட்டுக்கொள்கிறது. பதினாறு வருடப் பணியா, பதினான்கா என்பது குரு பற்றாக்குறை உள்ள மறைமாவட்டத்துக்குச் சின்ன கணக்கு இல்லை. ஆயர் மனது வைத்தால் உள்ளூரிலும் காலத்தைக் குறைக்க வழி தேடலாம்.

பாடத்தைவிடக் கஷ்டமானது வேறு. சொந்த வீட்டுச் சாவி வைத்திருந்தவர், பத்துப் பேருக்கு உத்தரவு போட்டவர், இனி சொன்ன நேரத்துக்குச் சாப்பிட வர வேண்டும். தன்னைவிடப் பத்து வயது சின்னவரான பயிற்சியாளரிடம் லீவு கேட்க வேண்டும். இதற்குத் தூரம் உதவுகிறது என்பது என் எண்ணம். பழைய அலுவலகம் லண்டனில் இருந்தால், “ஒரு சின்ன சந்தேகம் சார்” என்று போன் வந்துகொண்டே இருக்கும், அவரும் ஓடிக்கொண்டே இருப்பார். ரோமில் அது தானாக அடங்கிவிடும்.

ஆனால் எண்பது வயது அம்மா தனியாக இருக்கிறார் என்றால் பேச்சே வேண்டாம், உள்ளூர்தான். முப்பத்தைந்துக்குக் கீழே, மொழி வசப்படுகிறவர் என்றால் ஆங்கிலக் கல்லூரி. மற்றவர்களுக்கு பேடா. போவதற்கு முன் ஆயரிடம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: கோடை விடுமுறைப் பணிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே பங்கு. இல்லாவிட்டால் நான்கு வருடம் கழித்துத் திரும்பும்போது சொந்த மறைமாவட்டத்தில் அவரைத் தெரிந்தவர்கள் ஆயரும் செயலரும் மட்டும்தான்.