ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன்

மூன்று மாதமாக எங்கள் வீட்டுக்கு வராத துவரம் பருப்பும் பாமாயிலும், வாங்கியாயிற்று என்று அரசாங்கக் கணக்கில் ஏறியிருக்கின்றன. அதற்குச் சாட்சி என் அம்மாவின் கைரேகை.

மாதத் தொடக்கத்தில் அம்மா கடைக்குப் போவார். "பருப்பு, எண்ணெய் இன்னும் வரலம்மா. அரிசி, சர்க்கரை வாங்கிட்டுப் போங்க, மீதி அடுத்த வாரம்" என்பார் விற்பனையாளர். அம்மா விரலை வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் போனால் "தீர்ந்துபோச்சு". 2024இல் தேர்தல் சமயத்தில் கொள்முதல் தள்ளிப்போய், மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. அதிலிருந்து 'ஸ்டாக் இல்லை' என்றால் அம்மா அப்படியே நம்பிவிடுவார். கிலோ 30 ரூபாய்ப் பருப்பை வெளியில் ஐந்து மடங்கு விலைக்கு வாங்கினோம்.

பில் போட்டால் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வர வேண்டும். எங்கள் யாருக்கும் வரவில்லையே என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டேன். கார்டில் பதிவாகியிருந்தது, பல வருடம் முன்பு எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த நெட் சென்டர்காரரின் நம்பர்! மாற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் அம்மா கடை வாசலில் நிற்கும்போதே என் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது: அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில். பையில் முதல் இரண்டுதான் இருந்தன.

விற்பனையாளரிடம் கேட்டால், "குடோன்லேர்ந்து மூட்டையே எடை குறைச்சலாத்தான் வருது, நாங்க எங்க போய் ஈடுகட்டுறது?" என்றார். அதில் உண்மை இருக்கலாம், ஊழியர்கள் ரொம்ப நாளாகச் சொல்லும் புகார்தான். அதற்கு நாங்களா பழி? ரேஷன் புகார் எண்ணான 1967க்குப் போன் போட்டுப் புகார் செய்த பிறகு அந்த மாதப் பருப்பும் எண்ணெயும் கிடைத்தன. பழைய மூன்று மாதத்துக்கு ஒரே பதில்: "கைரேகை இருக்கே சார்."

இதுதான் வில்லங்கம். குடோனிலிருந்து சரக்கு கிளம்பியது, கடையில் இறங்கியது, கார்டுதாரர் வாங்கிவிட்டார். மேலே இருப்பவர்களின் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். நீங்கள் விரல் வைப்பது 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். இருக்கும் பொருளுக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள். எஸ்.எம்.எஸ். வந்து, பையோடு சரிபார்த்த பிறகு கிளம்புங்கள். தப்பாக இருந்தால் 1967, இல்லாவிட்டால் 1800 425 5901. இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமிலும் மனு கொடுக்கலாம், நம்பரையும் மாற்றலாம்.

அப்புறம் ஒருநாள் அந்த நெட் சென்டர்காரரைப் பார்த்தபோது விசாரித்தேன். "ஆமாங்க, மாசா மாசம் நிறைய ரேஷன் மெசேஜ் வரும். யாரோடதுன்னே தெரியாது, அழிச்சிடுவேன்" என்றார்.